இரண்டாம் வில்லை

புதிதாகக் கமரா வாங்கியோர் ஓராண்டு கழிவதற்குள் ஒரே வினாவுக்கு வந்து சேர்கின்றனர். கமராவோடு கூடவே கிடைத்த வில்லை போதாது போல் தோன்றுகிறது, இன்னொன்று வேண்டும், எதனை வாங்குவது? இவ்வினாவை என்னிடம் அண்மையிற் கேட்டவர் சாய்ந்தமருதைச் சேர்ந்த பழைய மாணாக்கர் ஒருவர். இப்பொழுது பாடசாலையொன்றிற் கணிதம் கற்பிக்கிறார். அவரிடம் இருப்பது தொடக்கநிலையினர்க்கென அமைந்த கெனன் டிஜிற்றல் கமரா. அதனோடு வந்தது 18 முதல் 55 மில்லிமீற்றர் வரை குவியத்தூரம் மாறும் வில்லை. “சேர், 55 முதல் 250 வரையுள்ள நீண்ட வில்லையை வாங்கலாம் என்றிருக்கிறேன். கடலிற் போகும் வள்ளங்களை அருகிற் காட்டும் என்கிறார்கள்” என்றார். உடனே ஆம் என்று சொல்லியிருப்பேன். அவர் கூடவே காட்டிய ஒரு படம் என்னைத் தடுத்தது. அது அவருடைய மூத்தம்மாவின் படம். முகம் இருந்த இடத்தில் ஒரு மங்கலான நிழல் மட்டுமே இருந்தது.

சாய்ந்தமருது வடக்கே கல்முனைக்குடிக்கும் தெற்கே காரைதீவுக்கும் இடையே, கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த ஊர். வீடுகள் கடலை நெருங்கி நிற்பன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இக்கரை நெடுகிலும் உயிர்களைக் கொண்டு சென்றபோது, அலுமாரிகளில் இருந்த படத்தொகுதிகளையும் கொண்டு சென்றது. உயிரிழப்பின் முன் அது ஓர் இழப்பாக அன்று யாருக்கும் தோன்றவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லவே, இறந்தோர் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படமும் இல்லை என்னும் உண்மை உறைக்கலாயிற்று. நண்பரின் மூத்தம்மா எண்பதைக் கடந்தவர். அவருக்கென எஞ்சியிருந்த ஒரே படம் அடையாள அட்டையில் உள்ள முத்திரை அளவுப் படம். ஆதலின் வில்லை பற்றிய வினா அந்த வீட்டில் வெறும் பொழுதுபோக்குக்காரரின் வினாவாக இருக்கவில்லை.

வில்லையைத் தேர்வோர் அறியவேண்டிய அளவைகள் இரண்டே. ஒன்று குவியத்தூரம், மற்றையது ஒளித்துளையின் அகலம். கடைக்காரரும் விளம்பரங்களும் முதலாவதையே பெரிதாகப் பேசுவர். இரண்டாவது, வில்லையின் விளிம்பிற் சிறிய எழுத்தில் அடங்கிக் கிடக்கும்.

குவியத்தூரம் காட்சியின் அகலத்தைத் தீர்மானிக்கிறது. இதனை எளிய விகிதக் கணக்கால் அறியலாம். நண்பரின் கமராவில் ஒளியை ஏற்கும் தகட்டின் அகலம் ஏறத்தாழ 22.3 மில்லிமீற்றர். 3 மீற்றர் தொலைவில் உள்ள பொருளை 18 மில்லிமீற்றர் குவியத்தூரத்தோடு நோக்கினால் 3.7 மீற்றர் அகலமான பரப்புப் படத்துள் அடங்கும். 55 மில்லிமீற்றரில் 1.2 மீற்றர், 250 மில்லிமீற்றரிலோ 27 சதமமீற்றர் மட்டுமே. பத்தடி அறையொன்றில் 250 மில்லிமீற்றர் வில்லை ஒரு முகத்தைக் கூடத் தாராளமாகக் கொள்ளாது என்பது இதனாற் புலப்படும். அதே வில்லை 100 மீற்றருக்கு அப்பால் நிற்கும் வள்ளத்தை நோக்குமாயின் ஏறத்தாழ 9 மீற்றர் பரப்பைக் காட்டும். வள்ளம் படத்திற் பாதிக்கு மேல் நிறையும். நீண்ட வில்லையின் வல்லமை வெளியிலேதான்.

இனி ஒளித்துளை. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பசுராவிற் பிறந்து, கெய்ரோவில் ஏறத்தாழ 1040ஆம் ஆண்டிற் காலமான இப்னு அல் ஹைதம் என்னும் பேரறிஞர், இருண்ட அறையின் சிறு துளைவழியே ஒளி புகும் முறையை ஆராய்ந்தவர். துளை சிறுத்தால் உருவம் தெளியும், ஆனால் மங்கும். பெருத்தால் ஒளி மிகும், உருவம் கலையும். வில்லை என்னும் கண்ணாடி செய்த உதவி யாதெனின், பெரிய துளைவழியே வரும் மிகுந்த ஒளியையும் சிதறவிடாது ஓரிடத்திற் குவித்துத் தருவதே.

குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண்ணையே எஃப் எண் என்பர். உடன்வந்த வில்லையை 55 மில்லிமீற்றருக்கு நீட்டும்போது அதன் மிகப்பெரிய துளை எஃப் 5.6, அதாவது விட்டம் ஏறத்தாழ 10 மில்லிமீற்றர். 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையின் துளையோ ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் விட்டமுடையது. ஒளி துளையின் பரப்பைப் பொறுத்ததாகலின் எஃப் எண்களின் விகிதத்தை இருமடியாக்க வேண்டும். 5.6ஐ 1.8ஆல் வகுத்து இருமடியாக்கினால் ஏறத்தாழ 9.7 வரும். சிறிய வில்லை, 160 கிராம் எடைதான். ஆனால் ஏறத்தாழ பத்து மடங்கு ஒளியைத் தருகிறது. கணிதம் கற்பிப்பவருக்கு இவ்வளவு சொன்னதும் மீதி தாமே விளங்கியது.

மூத்தம்மாவின் படத்தை எடுத்துக் கொள்வோம். அது பிற்பகலில், சன்னலுக்கு எதிர்ப்புறத்துக் கட்டிலில் அமர்ந்திருக்கும்போது எடுக்கப்பட்டது. ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 5.6, ஒரு செக்கனில் எட்டில் ஒரு பங்கு. முதியவர் பேசுவார், தலையசைப்பார், மூச்சு விடுவார். எட்டிலொரு செக்கன் அதற்கு மிக நீண்ட நேரம். வில்லையிலுள்ள நடுக்கந்தணிக்கும் பொறி படமெடுப்போன் கையின் நடுக்கத்தைத் தணிக்குமே யன்றி, எதிரே இருப்பவரின் அசைவைத் தணிக்காது. இதனைப் பலர் மயங்கிப் புரிந்து கொள்கின்றனர். எஃப் 1.8 இருந்திருப்பின் அதே ஒளியில் 80இல் ஒரு பங்கு செக்கன் போதும், முகம் நிலைத்திருக்கும். பிளாஷ் ஒளியைப் பயன்படுத்தலாமே எனின், அதையும் அவர் முயன்றிருக்கிறார். “கண்ணுக்கு அடிக்காதங்க மகன், கூசுது” என்று மூத்தம்மா முகத்தை முக்காட்டால் மறைத்துக் கொண்டாராம். கண்ணிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். அன்றியும், நேரே முகத்தில் விழும் பிளாஷ் ஒளி சுருக்கங்களின் நிழலை அழித்து முகத்தைத் தட்டையாக்கிவிடும். எண்பது ஆண்டுகள் வரைந்த கோடுகளை ஒரு கணத்தில் அழிப்பானேன்?

வரலாற்றிலும் இதற்கொரு சான்று உண்டு. 1839ஆம் ஆண்டிற் பாரிசில் ஒளிப்படக்கலை உலகறிய வெளியிடப்பட்டபோது, அக்கால வில்லைகளின் துளை மிகச் சிறியது. கட்டிடங்களையும் சிலைகளையும் எளிதிற் படமாக்க முடிந்தது. மனித முகம் பல நிமிடம் அசையாதிருத்தல் வேண்டியிருந்தது. மறு ஆண்டிலேயே வியன்னாவிற் கணிதப் பேராசிரியராயிருந்த யோசப் பெட்சுவால், கணக்கிட்டு அமைத்த எஃப் 3.6 வில்லை முன்னையதினும் 15 மடங்குக்கும் மேலான ஒளியைத் தந்தது. முகப்படம் என்னும் கலை அவ்வில்லையோடுதான் நடைமுறைக்கு வந்தது எனலாம். தொலைவை அருகாக்கியமையால் அன்று, ஒளியைப் பெருக்கியமையால்.

நண்பருக்கு நான் முதலிற் சொன்னது, கடைக்குப் போகுமுன் தம் படங்களையே சான்றாக அழைத்து விசாரியுங்கள் என்பது. டிஜிற்றல் கமரா ஒவ்வொரு படத்தோடும் அதன் குவியத்தூரம், எஃப் எண், நேரம் முதலியவற்றை எழுதி வைக்கிறது. ஓராண்டுப் படங்களைக் கணினியில் இட்டு இருவரும் ஒரு மாலை முழுதும் பார்த்தோம். 55 மில்லிமீற்றரில் நின்று, இன்னும் எட்டவில்லையே என வருந்திய படங்கள் மிகுதியாயின் அவர்க்கு நீண்ட வில்லை வேண்டும். 18இல் நின்று, சுவரிற் முதுகு முட்டியும் காட்சி அடங்காத படங்கள் மிகுதியாயின் 10 முதல் 18 வரையுள்ள அகல்கோண வில்லை வேண்டும். எந்தக் குவியத்தூரத்திலாயினும் இருட்டும் மங்கலுமே குறையாயின் வேண்டுவது ஒளி. நண்பரின் பழுதுபட்ட படங்களுட் பெரும்பாலானவை மூன்றாம் வகையின. வீட்டு விருந்துகள், மருதமுனைக் கைத்தறிக் கொட்டில் ஒன்றில் நெசவாளர், கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசற் கொடியேற்ற விழாவின் இரவு, காரைதீவுக் கண்ணகை அம்மன் கோயிற் திருக்குளிர்த்திக் காலத்து வீதி. எல்லாம் இருளிலும் அரையிருளிலும் எடுத்தவை. வள்ளங்களின் படங்களோ ஏழெட்டுக்கு மேல் இல்லை! மனம் கடலை நோக்கியிருந்தது. கமரா முகங்களை நோக்கியே திரிந்திருக்கிறது.

கடற்கரையைப் பற்றியும் ஒரு சொல். நம் கரையிற் காலையிற் கரைவலை இழுக்கும் காட்சி யாவரையும் ஈர்ப்பது. அதற்கு நீண்ட வில்லை வேண்டுமென்பது பிழை. இழுப்போர் இரு வரிசையாக நம் கண்முன்னே மணலில் நிற்கின்றனர். கேட்டுக்கொண்டு அவர்களோடு நடந்தால் 18 மில்லிமீற்றரே போதும், கயிற்றின் ஈரமும் காலின் புதைவும் அதில் வரும். தொலைவில் நின்று திருடுவது போல் எடுப்பதினும் அது மரியாதையும் ஆகும். இக்கரையிற் சூரியன் கடலில் உதிப்பவன் என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். கடலை நோக்கி எடுத்தால் எல்லாரும் கருநிழல். கடலுக்கு முதுகு காட்டி நின்றால் முகமெல்லாம் பொன். இதற்கு வில்லை எதுவும் வாங்க வேண்டியதில்லை.

இவ்வாறு கூறுவதால் நீண்ட வில்லையை யான் இகழ்வதாகக் கொள்ளற்க. மேற்கே சம்மாந்துறை வயல்களில் இறங்கும் கொக்குகளையும், தெற்கே குமண சரணாலயத்துப் பறவைகளையும், மைதானத்தின் நடுவே ஆடும் கிரிக்கெற் வீரரையும் எடுக்க விரும்புவோர்க்கு வேறு வழியில்லை. ஆயின் அவர் ஒன்றை அறிந்து வாங்க வேண்டும். கைநடுக்கத்தாற் படம் கெடாதிருக்க, 250 மில்லிமீற்றரில் 400இல் ஒரு பங்கு செக்கனாவது வேண்டுமென்பது பழைய விதி. நடுக்கந்தணிப்பு உதவினும் பறக்கும் பறவைக்கு அதனினும் குறைந்த நேரமே பொருந்தும். அவ்வளவு ஒளி நண்பகலுக்கு முன்னும் பின்னுமே உண்டு. என் முதற் பிழையும் இதுவே. யான் முதன்முதல் வாங்கியது ஒரு நீண்ட வில்லை. இரண்டு மழைக்காலம் அது பெட்டியில் உறங்கிற்று. அவ்விரண்டு ஆண்டுகளில் என் தாயாரை ஒருமுறையேனும் நன்றாகப் படமெடுத்தேனல்லேன். பின்பு அதற்கு வாய்ப்பும் இருக்கவில்லை.

ஒளி மிகுந்த நிலைக்குவிய வில்லை என்று துணிந்தபின் எழும் வினா, 35 மில்லிமீற்றரா 50 மில்லிமீற்றரா என்பது. செலவின்றி இதற்கு விடை காணலாம். உடன்வந்த வில்லையின் வளையத்தை 35இல் வைத்து ஒரு துண்டு ஒட்டுநாடாவால் அசையாது ஒட்டி, ஒரு நாள் முழுதும் வீட்டிலேயே படமெடுக்க. மறுநாள் 50இல் அவ்வாறே செய்க. அமர்ந்திருக்கும் ஒருவரைத் தலைமுதல் இடைவரை நெட்டுவாக்கில் எடுக்க, 50 மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2 மீற்றர் விலக வேண்டும், 35க்கு 1.4 மீற்றர் போதும். கட்டிலும் அலுமாரியும் நெருங்கிய அறையில் அந்த அறுபது சதமமீற்றர் பெரிய வேறுபாடு.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவித்தல் நன்று. குறுகிய வில்லை மூக்கைப் பெரிதாக்கும், நீண்டது முகத்தை அழகாக்கும் என்பர். உருவத்தின் விகிதத்தைத் தீர்மானிப்பது வில்லையன்று; நிற்கும் தூரம். அரை மீற்றரிற் நின்றால் மூக்குக் காதைவிட நமக்கு மிக அணித்தாகலின் பெரிதாகத் தோன்றும். இரண்டு மீற்றரில் அவ்வேறுபாடு மறையும். குறுகிய வில்லை நம்மை அருகே இழுப்பதால் பழி அதன்மேல் விழுகிறது, அவ்வளவே. ஆகவே முகங்களையே பெரிதும் எடுப்பவர், இடமும் உள்ளவர் 50ஐக் கொள்க. சிறிய அறையும் பலர் கூடிய குடும்பமும் எனில் 35 நன்று. நிக்கோன் உடையார்க்கு எஃப் 1.8 உடைய 35 மில்லிமீற்றர் வில்லை 2009ஆம் ஆண்டு முதலே வந்துள்ளது. கெனனில் அதற்கு நேரான மலிவான வில்லை இல்லாமையால் 24 மில்லிமீற்றர் எஃப் 2.8 அல்லது 50 எஃப் 1.8 என்னும் இரண்டில் ஒன்றையே தேர வேண்டும். இருளுக்கு 50ஏ மேல்.

பெரிய துளைக்கு ஒரு விலை உண்டு. 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.8இல் திறந்து, ஒரு மீற்றரிலிருந்து எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 3 சதமமீற்றரே. கண் தெளிந்தால் காது மங்கும். முகம் சிறிது திரும்பியிருப்பின் ஒரு கண் தெளிந்து மற்றக் கண் மங்கும். முதல் நாளிலேயே புதியவர் பலர் வில்லை பழுதென்று கடைக்குத் திரும்புவது இதனாற்றான். இரண்டு மீற்றர் விலகி, துளையை எஃப் 2.8க்குச் சிறுக்கினால் ஆழம் 17 சதமமீற்றர் ஆகும்; முகம் முழுதும் அதற்குள் அடங்கும், ஒளியும் எஃப் 5.6ஐவிட நான்கு மடங்கு. குவியப்புள்ளியைக் கமரா தானே தேர விடாது, அருகிலுள்ள கண்ணில் நாமே வைக்க வேண்டும். 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கரட் கமரன் என்னும் அம்மையார், முகத்தின் ஒரு பகுதி மட்டும் தெளிந்து ஏனையது கரைந்து செல்லும் படங்களாற் புகழும் ஏச்சும் ஒருங்கே பெற்றவர். அவ்வாறு வேண்டுமென்று செய்வது வேறு. அறியாது நேர்வது வேறு.

வாங்குங்காற் கவனிக்க வேண்டியன சில. நிக்கோனின் டி 3000, டி 5000 வரிசைக் கமராக்களிற் குவியத்தைச் செலுத்தும் மோட்டார் உடலில் இல்லை. ஆதலின் ஏஎஃப் என்று மட்டும் குறித்த பழைய 50 மில்லிமீற்றர் டி வகை வில்லை அவற்றிற் பொருந்தும், ஆனால் தானாகக் குவியாது. ஏஎஃப்-எஸ் என்னும் குறி உள்ளதையே கேட்டு வாங்குக. கெனனில், ஆடியில்லாப் புதிய ஆர்எஃப் கமராவுக்கு உரிய வில்லை பழைய ஆடிக் கமராவிற் பொருந்தாது. பழையது புதியதில் இணைப்பி ஒன்றின் துணையோடு பொருந்தும். பின்னாளிற் புதிய கமரா வாங்க எண்ணுவோர்க்கு இது பயன்படும் செய்தி.

2022ஆம் ஆண்டில் உரூபாவின் மதிப்புச் சரிந்தபின் பாவித்த வில்லையை நாடுவோர் மிகுந்துள்ளனர். அதிற் குற்றமில்லை, ஆனால் வில்லையை ஒளிக்கெதிரே பிடித்து உள்ளே பார்க்காமற் காசு கொடுக்கலாகாது. சிலந்திவலை போன்ற மெல்லிய இழைகள் தெரியின் அது பூஞ்சணம். நம் கரையில் வடகீழ்ப் பருவ மழைக்கால ஈரத்தில் அது வளரும். தோற்பையிற் பூட்டி வைத்த வில்லையில் விரைந்து வளரும். காற்றுப்புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்காச் சிறுபொதிகளோடு வைப்பதே சிறந்த காப்பு. கடற்கரையிலிருந்து திரும்பியதும் முகப்புக் கண்ணாடியை முதலில் காற்றூதியால் ஊதி, மணல் போனபின்பே துணியால் துடைக்க. மணலோடு துடைத்தல் அரத்தால் தேய்த்தலுக்கு ஒப்பாகும். கடற்கரையில் வில்லையைக் கழற்றி மாற்றுதல் கூடவே கூடாது. இந்த வகையிலும் ஒரே நிலைக்குவிய வில்லையோடு போகிறவன் நிம்மதியுடையவன்.

நண்பர் பாவித்த 50 மில்லிமீற்றர் வில்லையொன்றைப் பெற்றார். மூத்தம்மாவின் கட்டிலைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு முழம் நகர்த்தினோம், திரையை விலக்கினோம், ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 2.8. முதலில் அவர் கமராவையே உற்று நோக்கி, அடையாள அட்டைக்கு அமர்வது போல் விறைத்திருந்தார். பேரன் பழைய வீட்டின் கிணற்றைப் பற்றி ஏதோ தவறாகச் சொல்ல, அதைத் திருத்துவதற்காகக் கையை உயர்த்திச் சிரித்தார். அந்தப் படமே நன்றாக வந்தது. அது அட்டை அளவிற் பெரிதாக இரண்டு பிரதி அச்சிடப்பட்டது. ஒன்று சாய்ந்தமருது வீட்டுச் சுவரில் இருக்கிறது. மற்றையது, அவரே கேட்டுக்கொண்டபடி, கடல் எட்டாத சம்மாந்துறையில் மகள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.